கிணற்று நீர் தானே தெளியுமா?

நிலத்தடி நீரில் கலந்த கழிவு இயற்கையாய் அழிவதைக் கணக்கிட்டறியும் முறை
(திருவட்டாறு வட்டார விவசாய விளக்குநர் எழுதியது)

மண்ணில் விட்டது எதுவாயினும் மண்ணே அதைச் செரித்துக் கொள்ளும் என்பது நம் குடியானவர்களிடையே நெடுங்காலமாய் வேரூன்றிய நம்பிக்கை. எருக்குழியில் இட்ட சாணமும் தழையும் நாளடைவில் நாற்றமற்ற நன்மண்ணாவதைக் கண்ணாரக் கண்டவர்கள் அவ்வாறு நம்புவதில் வியப்பொன்றுமில்லை. அந்நம்பிக்கையில் உண்மையும் உண்டு. ஆயின், எவ்வளவு கழிவை, எவ்வளவு காலத்தில், எவருடைய கிணற்றின் செலவில் மண் செரிக்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் வாளாவிருப்பது அபாயகரமானது. அவ்விடையைக் காணும் வழியை நம் வட்டாரத்து நிலக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கு இன்னதென்பது

திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து நிலங்களின் அமைப்பு யாவரும் அறிந்ததே. மேட்டில் ரப்பர் விளை; சரிவில் வீடும், தென்னையும், வாழையும், மரச்சீனியும்; தாழ்வில் ஏலா; அதற்கப்பால் கோதையாறோ பரளியாறோ ஓடும். நிலத்தின் மேலே நீர் எப்பக்கம் வழிகிறதோ, பெரும்பாலும் நிலத்தின் கீழும் அப்பக்கமே மெல்ல நகரும். ஆகவே மேல்வீட்டார் தம் கொட்டகையில் ஷீட் அடித்து, அதன் கழிவுநீரை ஒரு குழியில் விட்டுவருவாரானால், அதன் பலனை முதலில் அனுபவிப்பவர் கீழ்வீட்டாரே. ஓரிரு வருஷங்களில் கிணற்றில் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். வாளியில் இறைத்தபோது தெளிவாயிருந்த நீர் மறுநாள் காலையில் செம்மை படர்ந்து கிடக்கும். அந்நீரில் வடித்த சோறு நிறம் மாறும்.

பிறகு வழக்கு கிராம அதிகாரியிடம் வரும். மேல்வீட்டார், "ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும்" என்பார். கீழ்வீட்டார், "கிணறு அடியோடு கெட்டுவிட்டது, தூர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை" என்பார். இவ்விரு கூற்றுகளும் அளந்து பாராமல் சொல்லப்படுபவை. முன்னதை நம்பினால் ஒரு குடும்பம் கெட்ட நீரைக் குடிக்க நேரும். பின்னதை நம்பினால் பிழைக்கக்கூடிய கிணறு ஒன்று வீணே பாழாகும்.

கழிவின் அளவு

முதலில் கழிவின் அளவை அறிதல் வேண்டும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை இருக்கும். ஷீட்டுக்கு உறைய வைக்கையில் நீர் கலந்து அதை நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்காகக் குறைக்கிறோம். அதாவது 4 லிட்டர் கலவைப்பாலில் அரைக் கிலோ எடையுள்ள ஒரு ஷீட் கிடைக்கும்; எஞ்சிய மூன்றரை லிட்டர் கழிவாகும். நாளொன்றுக்கு 20 ஷீட் அடிக்கும் கொட்டகையில், டிஷ்களையும் உருளைகளையும் கழுவும் நீர் நீங்கலாகவே, 70 லிட்டர் கழிவு உண்டாகிறது. அதில் உறைய வைக்க ஊற்றிய ஆசிட்டின் மிச்சமும், பாலிலுள்ள புரதமும், சர்க்கரைப் பொருள்களும் கரைந்திருக்கின்றன. இவை விஷங்களல்ல, நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. தொல்லையின் மூலமும் அதுவே, பரிகாரத்தின் மூலமும் அதுவே.

இவ்வுணவை உண்ணும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு தேவை. இக்கழிவு ஒரு லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் பிராணவாயுவை உறிஞ்சவல்லது. கணக்குக்காக 3,000 மில்லிகிராம் என்று வைத்துக் கொள்வோம். நம் பக்கத்து வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவோ சுமார் 8 மில்லிகிராம்தான். ஆகவே 70 லிட்டர் கழிவு, 26,000 லிட்டர் நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் தீர்த்துவிடும். ஒன்றரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீராழமும் உடைய உறைகிணற்றில் சுமார் 5,300 லிட்டர் நீர் நிற்கும். எனவே ஒரு நாள் கழிவுக்கு ஐந்து கிணற்று நீரின் பிராணவாயு வேண்டும் என்று ஏற்படுகிறது.

மண்ணுக்குள் நடப்பது

பிராணவாயு தீர்ந்தவுடன் வேலை நின்றுவிடுவதில்லை. வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, பிராணவாயுவுக்குப் பதிலாக வேறு பொருள்களைக் கொண்டு கழிவை உடைக்கின்றன. இதில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு காணப்படும். முதலில் நீரிலுள்ள நைட்ரேட் செலவாகும், அடுத்து மண்ணிலுள்ள மாங்கனீஸ், பின்பு இரும்பு, அதன்பின் சல்பேட், யாவும் தீர்ந்தபின் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகும் மீத்தேன் வாயு இங்கும் உண்டாகும்.

கிணற்றில் காணும் குறிகளுக்கு இதிலிருந்து பொருள் கிடைக்கிறது. நம் பக்கத்துச் செம்மண்ணும் செங்கற்பாறையும் துரு நிறைந்தவை. அத்துரு நீரில் கரையாதது. பிராணவாயுவற்ற நிலையில் நுண்ணுயிர்கள் அதைக் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. அந்நீர் கிணற்றிலிருந்து வெளிவந்து காற்றுப்பட்டதும் இரும்பு மீண்டும் துருவாகிச் செம்மை படர்கிறது. சல்பேட்டிலிருந்து பிறக்கும் கந்தக வாயுவே அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். கதம்பல் ஊறப்போட்ட குளங்களில் எழும் நாற்றமும் இவ்வகைப்பட்டதே. உறைய வைக்கப் பார்மிக் ஆசிட்டுக்குப் பதிலாகக் கந்தக ஆசிட்டை உபயோகிக்கும் கொட்டகைகளின் கழிவில் இந்நாற்றம் மிகுதியாவதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே செம்மையும் நாற்றமும், கழிவு வந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. அது உடைந்து வருகிறது என்பதற்கும் சாட்சி. உடைந்து முடிந்ததா என்பதை அவை சொல்லமாட்டா.

அந்நிய நாட்டுப் பரீக்ஷை ஒன்று

இவ்விஷயம் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்துப் பெமிட்ஜி நகருக்கு அருகிலுள்ளது. 1979-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் தரையில் கொட்டியது. பெரும்பகுதியை வாரியெடுத்தும் எரித்தும் அகற்றிய பின்னரும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுள் தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்க அரசாங்கத்தின் நில ஆய்வுத் துறையினர் அங்கே பல குழாய்க் கிணறுகள் இறக்கி, வருஷந்தோறும் நீரெடுத்துச் சோதித்து வருகின்றனர்.

அவர்கள் கண்டவை இரண்டு. முதலாவது, எண்ணெயிலிருந்து கரைந்த பொருள்கள் நிலத்தடி நீர் செல்லும் வேகத்தில் பரவவில்லை. வழியிலேயே நுண்ணுயிர்கள் அவற்றில் பெரும்பங்கை உண்டு விடுகின்றன. இது நமக்கு ஆறுதல் தருவது. இரண்டாவது, மண்ணிலுள்ள உபயோகமாகக்கூடிய இரும்பு சிறிது சிறிதாகச் செலவாகித் தீர்ந்த இடங்களில், கழிவின் எல்லை மெல்ல மெல்ல முன்னேறியது. இது எச்சரிக்கை தருவது. மண்ணின் செரிக்கும் சக்தி பத்தாயத்து நெல்லைப் போன்றது. எடுக்கும் அளவுக்குப் புதிது வந்து சேராவிடில் ஒருநாள் அடி தெரியும்.

இவ்வாறான ஆராய்ச்சிகளின்மேல் எழுந்ததே "கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிவு" என்னும் முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 1999-ல் இதற்கு விதிகள் வகுத்தது. அவற்றின் சாரம் யாதெனில், இது ஒன்றும் செய்யாமலிருக்கும் முறையன்று. கழிவின் ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்டு, நியாயமான காலத்துக்குள் நீர் தெளிகிறதென்பதை அளந்து நிரூபிக்கும் முறையாகும்.

குறைவது வேறு, அழிவது வேறு

இனிக் கணக்கின் உயிர்நிலைக்கு வருவோம். கீழ்க்கிணற்றில் கழிவு குறைந்து காணப்பட்டால் அதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நல்ல நீர் கலந்து அது நீர்த்துப்போயிருக்கலாம். மற்றொன்று, நுண்ணுயிர்களால் உண்மையாகவே அழிந்திருக்கலாம். நீர்த்துப்போனது எங்கும் போய்விடவில்லை. அடுத்த கிணற்றுக்குச் சென்றிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, கழிவோடு கூடவே செல்வதும் தான் அழியாததுமான ஒரு பொருளைத் துணையாகக் கொள்ள வேண்டும். குளோரைடு எனப்படும் உப்புச்சத்து அத்தகையது. நுண்ணுயிர் அதை உண்ணாது. மண்ணும் அதைப் பிடித்து வைக்காது. ஷீட் கழிவில் மாத்திரம் குளோரைடு மிகுதியாக இராது. ஆனால் நம் வீடுகளில் தொழுவத்துக் கோமயமும் குளியல் நீரும் அதே குழியில் சேருவதால் அது போதிய அளவில் இருக்கும்.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நீரில் எவ்வளவு அழுகற்பொருள் உள்ளது என்பதை ஆய்வுக்கூடத்தார் "இரசாயன ஆக்ஸிஜன் தேவை" என்று எண்ணால் குறிப்பர். கழிவு சென்று சேராத மேட்டுக் கிணற்றில் குளோரைடு 20, ஆக்ஸிஜன் தேவை 5 என்று கொள்வோம். குழிக்கு அருகிலுள்ள கிணற்றில் முறையே 120, 85. அதற்கும் கீழே உள்ள கிணற்றில் 70, 15. (யாவும் லிட்டருக்கு மில்லிகிராம்.) இயற்கையாக உள்ள அளவைக் கழித்தால், முதற்கிணற்றில் மிகை 100, 80, கீழ்க்கிணற்றில் மிகை 50, 10. குளோரைடு பாதியாகியிருப்பதால் நீர் ஒன்றுக்கொன்றாகக் கலந்திருக்கிறது என்பது தெளிவு. கலப்பினால் மாத்திரம் குறைந்திருந்தால் ஆக்ஸிஜன் தேவையும் 80-லிருந்து 40 ஆகியிருக்க வேண்டும். ஆனால் 10-தான் இருக்கிறது. எனவே 30 பங்கு உண்மையாகவே அழிந்தது. மாறாகக் கீழ்க்கிணற்றில் மிகை 40 ஆகவே இருந்திருந்தால், எதுவும் அழியவில்லை, பரவியிருக்கிறது என்றே தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாற்றத்தைப் போக்கவென்று கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். அது நுண்ணுயிர்க் கணக்கைக் குலைப்பதுமன்றிக் குளோரைடையும் கூட்டிவிடும். ஆகையால் நீரெடுத்த பின்னரே பவுடர் போட வேண்டும். போட்ட தேதியையும் குறித்துவைக்க வேண்டும்.

பருவம் அறிந்து அளத்தல்

இதை எழுதுபவன் ஆரம்பகாலத்தில் செய்த பிழையொன்றைச் சொல்வது பிறருக்கு உபயோகமாகலாம். ஒரு விளையில் குழியை மூடச்செய்த பின், கார்த்திகை மாதத்தில் கீழ்க்கிணற்றைப் பார்த்தேன். நீர் தெளிந்திருந்தது, நாற்றமில்லை. "சரியாகிவிட்டது, உபயோகிக்கலாம்" என்று சொல்லி வந்தேன். பங்குனியில் அவ்வீட்டு அம்மாள் ஒரு செம்பில் நீர் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள். பழைய செம்மையும் பழைய நாற்றமும் அப்படியே இருந்தன. கார்த்திகையில் நான் கண்டது மழைநீர், கிணற்றின் சுகமன்று. அச்செம்பு நீரை நான் இன்றும் மறக்கவில்லை.

நம் ஜில்லாவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பேச்சிப்பாறை அணை திறந்து கால்வாயில் நீர் ஓடும் மாதங்களில் ஏலாக்களை ஒட்டிய கிணறுகளில் நீர்மட்டம் உயரும். தை, மாசியில் ரப்பர் இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும்போது குழிக்கு வரும் கழிவும் குறையும். இத்தனை மாறுதல்களுக்கிடையே கார்த்திகை நீரைப் பங்குனி நீரோடு ஒப்பிடுதல் தகாது. இவ்வருஷப் பங்குனியை வரும் வருஷப் பங்குனியோடுதான் ஒப்பிட வேண்டும். ஊற்றுக்கண் அடைபட்ட கிணற்றில் மிகை அளவு 80, அடுத்த வருஷம் 40, அதற்கடுத்த வருஷம் 20 என்று ஒரே விகிதத்தில் இறங்குமானால் இயற்கை தன் வேலையைச் செய்கிறது. 20-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டால், எங்கோ இன்னும் கழிவு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மண் செரிக்காதவை

சாணம், பால், சர்க்கரை, ஆசிட் ஆகியவற்றுக்குச் சொன்னது எல்லாக் கழிவுக்கும் பொருந்தாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000-ஆம் ஆண்டு வரை ஆகாயத்திலிருந்து தெளிக்கப்பட்டதும், 2011-ல் உச்ச நீதிமன்றத்தால் நாடெங்கும் தடைசெய்யப்பட்டதுமான என்டோசல்பான் மருந்தை எடுத்துக் கொள்வோம். அது மண்ணில் மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறி உண்டாகும் என்டோசல்பான் சல்பேட், தாய்ப்பொருளைப் போலவே விஷமுள்ளது. அதைவிட நெடுநாள் நிற்பது. தாய்ப்பொருளை மாத்திரம் சோதித்து "இல்லை" என்று மகிழ்ந்தால் ஏமாறுவோம். உடைந்தது எதுவாக மாறிற்று என்றும் கேட்க வேண்டும்.

பெட்ரோலிய எண்ணெயோ உடையக்கூடியதுதான். ஆனால் மிகச் சிறிய அளவே நீரைக் கெடுக்கும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் தரையடிக் குழாய்க் கசிவினால் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, அவ்விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. எண்ணெயிலுள்ள பென்சீன் குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதாவது ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் நீருக்குப் போதும். ஆகவே கிணற்றருகே டீசல் எஞ்சினும் எண்ணெய்ப் பீப்பாயும் வைப்போர் கவனிக்க. மருந்தோ எண்ணெயோ கலந்த ஐயம் ஏற்பட்டால், காத்திருந்து பார்க்கும் முறையைக் கையாளாமல் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

நிலக்காரர்கள் செய்யவேண்டியவை

1. முதற்கண் ஊற்றுக்கண்ணை அடையுங்கள். கழிவை மண்குழியில் விடாமல் சிமெண்டுத் தொட்டியில் சேர்த்து, சாணத்துடன் கலந்து எரிவாயுக் கலத்தில் செலுத்தலாம். கோட்டயத்திலுள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஷீட் கழிவுக்கென்றே இம்முறையை வகுத்துள்ளது. கிணற்றில் நாற்றமாய் எழுந்தது அடுப்பில் தீயாய் எரியும்.

2. நீர் தெளியும்வரை கெட்ட கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். கரைந்த கழிவு நீங்காது.

3. மூன்று கிணறுகளையேனும் தெரிந்தெடுங்கள்: குழிக்கு மேலே ஒன்று, அருகே ஒன்று, கீழே ஒன்று. கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் இடைவெளி வேண்டுமென்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செங்கற்பாறையில் துளைகளும் பிளவுகளும் இருப்பின் அத்தூரமும் போதாது.

4. வருஷத்தில் நான்கு முறை, குறிப்பிட்ட மாதங்களில், நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, நீரெடுங்கள். சுத்தமான புட்டியை அந்நீராலேயே மும்முறை அலசி, நீர்ப்பரப்பின் கீழிருந்து மொண்டு, காற்றிடமின்றி வாய்வரை நிரப்பி மூடி, நிழலில் குளிர்ச்சியாக வைத்து, அன்றைய தினமே ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தை அணுகலாம்.

5. ஆக்ஸிஜன் தேவை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், சல்பேட், அமிலத்தன்மை ஆகியவற்றையும் கிருமிச் சோதனையையும் கேளுங்கள். விடைகளை ஒரே நோட்டில் வரிசையாக எழுதுங்கள். வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் ஒன்றுண்டு. மூன்று கிணற்று நீரையும் மூன்று கண்ணாடிக் குப்பிகளில் ஓரிரவு திறந்து வைத்து, காலையில் செம்மையை ஒப்பிட்டுப் பாருங்கள். மேட்டுக் கிணற்று நீரும் சிவந்தால் அது நிலத்தின் இயல்பான இரும்பு. கீழ்க்கிணறு மாத்திரம் சிவந்தால் கழிவின் வேலை.

கிராம அதிகாரிகளுக்கு

இத்தகைய வழக்கு வந்தால் ஒரு சோதனைத் தாளை மட்டும் கண்டு தீர்ப்புரைக்க வேண்டாம். குழியின் இடம், கிணறுகளின் இடம், சரிவின் திசை, இடைத்தூரம் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து வைப்பது முதல் வேலை. கீழ்வீட்டாரின் கிணற்றுக்கும் அப்பாலுள்ள கிணறுகளையும் அதில் சேர்க்க வேண்டும். நிலத்தடி நீர் நாளொன்றுக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலும் வருஷத்தில் 36 மீட்டர் சென்றுவிடும். இன்று புகார் செய்யாதவர் நாளை செய்ய நேரலாம். குழி மூடப்பட்ட தேதி, சோதனை நடந்த தேதிகள், அவற்றின் எண்கள் ஆகியவை கிராமப் பதிவில் இருந்தால் அதிகாரிகள் மாறினாலும் கணக்கு மாறாது. கீழ்வீட்டாருக்கு இடைக்காலத்தில் நல்ல நீர் கிடைக்க ஏற்பாடு செய்வதும், அதன் செலவை மேல்வீட்டார் மனமுவந்து ஏற்கும்படி சொல்வதும், பின்னால் நீளும் பகையைத் தவிர்க்கும். எண்கள் இறங்கவில்லையெனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதத் தயங்கலாகாது.

கோதையாறும் பரளியாறும் கூடும் மூவாற்றுமுகத்தில் நின்று பார்த்தால் மேலிருந்து வந்த நீரெல்லாம் ஒன்றாகச் செல்வது கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியிலும் அவ்வண்ணமே; கண்ணுக்குத் தெரியாததொன்றே வித்தியாசம். மண் நமக்காக வேலை செய்கிறது என்பது மெய். வேலைக்காரனுக்குச் சுமையைக் குறைத்து, அவன் செய்த வேலையைக் கணக்குப் பார்ப்பதல்லவோ நல்ல குடித்தனக்காரனின் இலக்கணம். வருகிற பங்குனியில் முதற்புட்டி நீரை எடுத்து நோட்டில் முதல் வரியை எழுதுபவர், மூன்றாவது பங்குனியில் தம் கிணற்றைப் பற்றி ஐயமின்றிப் பேசக்கூடும்.